வேறோர் ஊரில் வென்ற திட்டம் இங்கே பலிக்குமா? போதைத் தடுப்புத் திட்டங்களை உள்ளூருக்கு ஏற்பத் தகவமைக்கும் முறை

2014-ஆம் ஆண்டில் பிரேசிலின் 6 நகரங்களைச் சேர்ந்த 72 அரசுப் பள்ளிகளில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. வளரிளம் பருவத்து மாணவர்களை மது, புகையிலை, பிற போதைப்பொருள்கள் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைப்பதற்காக ஐரோப்பாவில் உருவாக்கப்பட்ட ‘அன்பிளக்டு’ என்னும் 12 பாடத் திட்டம், போர்ச்சுகீசிய மொழியில் ‘தாமோஜுந்து’ என்ற பெயருடன் அவற்றுள் பாதிப் பள்ளிகளில் நடத்தப்பட்டது; மீதிப் பள்ளிகள் ஒப்பீட்டுக்காக வழக்கமான பாடங்களையே தொடர்ந்தன. மூலத் திட்டம் வெறும் நம்பிக்கையின் பேரில் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. ஐரோப்பாவின் 7 நாடுகளில் சுமார் 7,000 மாணவர்களிடையே அது சோதிக்கப்பட்டிருந்தது. வெறி ஏறும் அளவுக்குக் குடிப்பதையும் கஞ்சாப் பயன்பாட்டையும் குறைத்தது என்பதும் ஒன்றரை ஆண்டுத் தொடர் கண்காணிப்பில் தெரியவந்திருந்தது.

பிரேசிலில் கிடைத்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. முகர்ந்து போதையேற்றிக்கொள்ளும் பொருள்களைப் புதிதாகத் தொடங்குவோர் எண்ணிக்கை குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் திட்டம் நடந்த பள்ளிகளில், முதன்முறையாக மது அருந்தியோரின் விகிதம், திட்டம் நடக்காத பள்ளிகளைவிட அதிகமாக இருந்தது. தடுப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட பாடம், குறைந்தபட்சம் ஒரு பொருளைப் பொறுத்தவரை, எதிர்த்திசையில் வேலை செய்திருந்தது.

இதைக் கேட்டதும் இரண்டு முடிவுகளுக்குத் தாவத் தோன்றும். வெளிநாட்டுத் திட்டங்கள் எவையும் வேறு மண்ணில் வேர்பிடிக்காது என்பது ஒன்று. மூலத்தில் கை வைத்ததுதான் பிழை, அப்படியே எடுத்து நடத்தியிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மைகள். ஒரு திட்டத்தின் எந்தப் பகுதியை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, மாற்றிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பவற்றைப் புரிந்துகொள்ள, சில அடிப்படைகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

‘நிரூபிக்கப்பட்டது’ என்றால் என்ன பொருள்?

போதைத் தடுப்பு என்பது சிகிச்சை அன்று. ஏற்கனவே அடிமையானவர்களை மீட்பது சிகிச்சை. பழக்கம் தொடங்காமலோ, தொடங்கியது முற்றாமலோ பார்த்துக்கொள்வது தடுப்பு. யாரை நோக்கியது என்பதைக் கொண்டு தடுப்புத் திட்டங்களை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். ஒரு வகுப்பு முழுவதற்கும், ஓர் ஊர் முழுவதற்கும் நடத்தப்படுவது பொதுத் தடுப்பு. பெற்றோர் போதைக்கு அடிமையான குடும்பத்துப் பிள்ளைகளைப் போல அபாயம் கூடிய குழுவுக்கு நடத்தப்படுவது தேர்ந்த குழுத் தடுப்பு. பழக்கத்தின் தொடக்க அடையாளங்கள் தென்படும் தனிநபர்களுக்கானது மூன்றாவது வகை. ஒரு வகைக்காக உருவான திட்டத்தை இன்னொரு வகையினருக்கு நடத்தினால், நிரூபணம் கூடவே வந்துவிடாது.

‘நிரூபிக்கப்பட்ட திட்டம்’ என்ற சொற்றொடர் அன்றாடப் பேச்சில் தளர்வாகப் பயன்படுத்தப்படுகிறது. இத்துறையில் அதற்கு ஒரு கறாரான பொருள் உண்டு. பள்ளிகளையோ குடும்பங்களையோ குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் திட்டத்தை நடத்தி, மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து இரு பிரிவினரின் உண்மையான பயன்பாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். மாணவர்கள் நிகழ்ச்சியை விரும்பினார்கள், ஆசிரியர்கள் பாராட்டினார்கள், உறுதிமொழி எடுத்தார்கள் என்பவை நிரூபணங்கள் ஆகா.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிரூபணம் எப்போதும் ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு உரியது. இந்த வயதினருக்கு, இத்தனை அமர்வுகள், இப்படிப் பயிற்சி பெற்றவரால், இந்தச் சூழலில் நடத்தியபோது இந்தப் பலன் கிடைத்தது என்பதுதான் ஆய்வு சொல்வது. அந்தப் பட்டியலில் ஒன்றை மாற்றினாலும், பலன் நீடிக்கும் என்பது ஓர் ஊகமாகிவிடுகிறது. நல்ல ஊகமாக இருக்கலாம், ஆனாலும் ஊகம்தான்.

இங்கே இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். திட்டத்தை அதன் கையேடு சொல்கிறபடி, சொன்ன அளவுக்கு, சொன்ன தரத்தில் நடத்துவதை ‘மூலம் வழுவாமை’ என்று குறிப்பிடலாம். உள்ளூர் மொழி, வாழ்க்கை, தேவை, வசதி ஆகியவற்றுக்கு ஏற்ப அதைத் திட்டமிட்டு மாற்றுவது ‘தகவமைத்தல்’. இவை இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் கொள்கைகள் என்று நீண்டகாலம் கருதப்பட்டது. திட்டத்தை உருவாக்கியவர்கள் முதலாவதையும், களத்தில் நடத்துகிறவர்கள் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு வாதிட்டார்கள். வாதம் தீராமல் போனதற்குக் காரணம், ‘திட்டம்’ என்ற சொல்லால் இரு தரப்பினரும் வெவ்வேறு பொருள்களைச் சுட்டியதே.

திட்டத்துக்குள் வேலை செய்வது எது?

ஒரு தடுப்புத் திட்டத்தின் கையேட்டில் கதைகள், படங்கள், விளையாட்டுகள், கேள்விகள், வீட்டுப்பாடங்கள் எனப் பல இருக்கும். இவற்றில் எதுவும் தானாகப் போதைப் பழக்கத்தைத் தடுப்பதில்லை. இவை இளைஞரிடமோ அவர் குடும்பத்திடமோ ஏதோ ஒன்றை மாற்றுகின்றன. அந்த மாற்றமே பிறகு பழக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. பாடம், அது ஏற்படுத்தும் இடைநிலை மாற்றம், இறுதிப் பலன் என்ற மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி இது. நடுக் கண்ணியை உண்டாக்கும் பகுதிகளே திட்டத்தின் ‘கருக்கூறுகள்’. நன்கு சோதிக்கப்பட்ட திட்டங்களில் அந்த நடுக் கண்ணியாக இருப்பவை பெரும்பாலும் பின்வருவன:

1. வாழ்க்கைத் திறன்கள். முடிவெடுத்தல், பதற்றத்தைக் கையாளுதல், நண்பர்களின் வற்புறுத்தலை உறவு முறியாமல் மறுத்தல் ஆகியவை. அமெரிக்க உளவியலாளர் கில்பர்ட் பாட்வின் 1970-களின் இறுதியில் புகைப்பழக்கத் தடுப்புக்காகத் தொடங்கிய ‘லைஃப் ஸ்கில்ஸ் டிரெயினிங்’ இந்த வழியில் முன்னோடி.

2. ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்ற எண்ணத்தைத் திருத்துதல். தம் வயதினரில் எத்தனை பேர் குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள் என்று கேட்டால், இளைஞர்கள் உண்மையான எண்ணிக்கையைவிட மிகையாகவே சொல்வார்கள். உண்மை நிலையைக் காட்டுவது அந்த அழுத்தத்தைத் தளர்த்துகிறது.

3. பெற்றோரின் அரவணைப்பும் கண்காணிப்பும். பிள்ளை எங்கே, யாருடன் இருக்கிறது என்று அறிந்திருத்தல், தெளிவான விதிகளை வைத்தல், சண்டையில்லாமல் அவற்றை நிலைநிறுத்துதல். யூட்டா பல்கலைக்கழகத்தின் கரோல் கும்ஃபர் 1982 முதல் உருவாக்கிய குடும்ப வலுவூட்டல் திட்டம் பெற்றோரையும் பிள்ளைகளையும் முதலில் தனித்தனியாகவும் பிறகு சேர்த்தும் அமரவைத்து இதைப் பழக்குகிறது.

4. சிறுவயதிலேயே தன்னடக்கம். தொடக்கப் பள்ளி வகுப்பறையைக் குழுக்களாகப் பிரித்து, ஒழுங்காக நடந்துகொள்ளும் குழுவுக்குப் பாராட்டும் சிறு பரிசும் தரும் ‘நன்னடத்தை விளையாட்டு’ 1969-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தது. 1980-களின் நடுவில் பால்டிமோர் நகரில் 6, 7 வயதில் அதை விளையாடிய, முரட்டுத்தனம் மிகுந்த சிறுவர்களிடம், இளைஞரான பிறகு போதைப் பழக்கக் கோளாறுகள் குறைவாக இருந்தன. அந்த விளையாட்டில் போதைப்பொருள் என்ற சொல்லே வருவதில்லை.

கடைசியாகச் சொன்னது சிந்திக்க வைக்கிறது. போதைப்பொருள்களின் தீமையை விளக்கும் உரைகள், அச்சமூட்டும் படங்கள், பழக்கத்திலிருந்து மீண்டவரின் அனுபவச் சாட்சியம் என்று நாம் ‘விழிப்புணர்வு’ எனப் பழகிவைத்திருப்பவை பயன்பாட்டைக் குறைப்பதாகச் சான்றுகள் காட்டவில்லை. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் சேர்ந்து வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகள், இவற்றைப் பலனற்ற அல்லது பாதகமான அணுகுமுறைகளின் வரிசையிலேயே வைத்திருக்கின்றன. அறிவு தேவையில்லை என்பதல்ல இதன் பொருள். நடுக் கண்ணியை அறிவு மட்டும் உண்டாக்குவதில்லை. இந்த வேறுபாடு மனத்தில் படாதவரை தகவமைக்கும் வேலையைத் தொடங்கவே கூடாது. ஏனெனில் நேரம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது பயிற்சியும் ஒத்திகையும். கடைசிவரை தப்பிப் பிழைப்பது விரிவுரை.

மேற்பரப்புத் தகவும் ஆழத் தகவும்

ஒரு திட்டத்தை ஒரு சமூகத்துக்கு ஏற்றதாக்குவதில் இரண்டு தளங்கள் உண்டு என்று கென் ரெஸ்னிகோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999-இல் வகுத்துக் காட்டினார்கள். மொழி, பெயர்கள், படங்களில் வருவோரின் தோற்றம், இசை, நிகழ்ச்சி நடக்கும் இடம் ஆகியவை மேற்பரப்பு. அந்தச் சமூகத்தில் பழக்கம் எப்படித் தொற்றுகிறது, யாருடைய சொல்லுக்கு மதிப்பு, மறுப்பது என்றால் என்ன, குடும்பம் என்பது யார் யாரை உள்ளடக்குகிறது என்பவை ஆழம். மேற்பரப்பு பொருந்தினால் மக்கள் வருவார்கள், கேட்பார்கள். ஆழம் பொருந்தினால்தான் பலன் விளையும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த ஒரு தொடர் அனுபவம் இதை நன்றாக விளக்குகிறது. மைக்கேல் ஹெக்ட், ஃப்ளாவியோ மார்சிக்லியா ஆகியோரின் குழு பீனிக்ஸ் நகர மாணவர்களிடமே கதைகளைக் கேட்டு, அவற்றிலிருந்து ‘கீப்பின் இட் ரியல்’ என்ற பாடத்திட்டத்தை உருவாக்கியது. போதைப்பொருள் நீட்டப்படும்போது மறுத்தல், காரணம் விளக்குதல், அந்த இடத்தைத் தவிர்த்தல், விலகிச் செல்லுதல் என்ற நான்கு உத்திகள் அதன் உயிர்நாடி. 35 நடுநிலைப் பள்ளிகளில் நடந்த சோதனைக்கு, மெக்சிக வழியினருக்கு ஒன்று, கறுப்பின, வெள்ளையின மாணவர்களுக்கு ஒன்று, இரண்டையும் கலந்து ஒன்று என மூன்று வடிவங்கள் தயாராயின. திட்டம் பலன் தந்தது. ஆனால் மாணவரின் இனப் பின்னணியும் பாட வடிவமும் துல்லியமாகப் பொருந்தியிருந்தால் பலன் கூடும் என்ற எதிர்பார்ப்புக்கு வலுவான ஆதரவு கிடைக்கவில்லை. கலப்பு வடிவமும் நன்றாகவே வேலை செய்தது.

அதே திட்டம் அந்நகரத்து அமெரிக்கப் பழங்குடி மாணவர்களிடம் கைகொடுக்கவில்லை. பிறகு பழங்குடிப் பெரியவர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆழத்திலிருந்தே அதைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

ஹவாய்த் தீவுகளின் கிராமப்புறங்களில் ஸ்காட் ஒகமோட்டோவின் குழு நடத்திய ஆய்வு காரணத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அங்குள்ள ஹவாய்ப் பூர்வகுடி இளையோரிடம் போதைப்பொருளை யார் நீட்டினார்கள் என்று கேட்டபோது, பெரும்பாலும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் நெருங்கிய உறவினர்களுமே வந்தார்கள். பெருநகரப் பள்ளிக்காக எழுதப்பட்ட பாடம், நீட்டுகிறவர் ஒரு நண்பர் அல்லது அறிமுகமில்லாதவர் என்று எடுத்துக்கொள்கிறது. முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம் என்கிறது. அன்றாடம் ஒரே வீட்டிலும் ஒரே தெருவிலும் சந்திக்க வேண்டிய, வயதில் மூத்த உறவினரிடம் அந்த மறுப்பு ஒரு குடும்பப் பிரச்சினையாகிவிடும். பாடத்தை உள்ளூர் மொழியில் பெயர்த்து, படங்களில் உள்ளூர் முகங்களை வைத்துவிட்டாலும் இந்தப் பொருத்தமின்மை தீராது. மறுக்கும் திறன் என்ற கருக்கூறு அங்கும் தேவைதான். ஆனால் ‘மறுத்தல்’ என்பது அங்கே எந்த வடிவம் எடுக்கும் என்பதை அந்த இளையோரிடமிருந்துதான் கற்க முடியும்.

மாற்றங்கள் உண்மையில் எப்படி நடக்கின்றன?

தகவமைப்பு என்றதும், பண்பாட்டை ஆராய்ந்து கவனமாகச் செய்யும் திருத்தம் நினைவுக்கு வருகிறது. களத்தில் நடப்பது பெரும்பாலும் அதுவன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இத்தகைய திட்டங்களை நடத்தியவர்களிடம் கேட்டறிந்து 2013-இல் வெளியான ஆய்வு, செய்யப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை நேரமின்மை, ஆள் பற்றாக்குறை, ஆட்களை வரவழைக்க முடியாமை போன்ற நடைமுறைச் சிக்கல்களுக்கு எதிர்வினையாகச் செய்யப்பட்டவை என்றும், திட்டத்தின் தர்க்கத்துடன் ஒத்துப்போகாதவை பல என்றும் காட்டியது. ஒரு மணி நேர அமர்வு 40 நிமிடமாகிறது. 14 அமர்வுகள் 7 ஆகின்றன. நடித்துப் பார்க்கும் பயிற்சிக்கு மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள் என்பதால் அது கலந்துரையாடலாகிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர் மாற்றலாகிப் போனதால் இன்னொருவர் கையேட்டைப் படித்துக் காட்டுகிறார். இதைத் தகவமைப்பு என்று பெயரிட்டு ஏற்றுக்கொள்வது நேர்மையாகாது, இது தேய்மானம்.

தேய்மானத்தின் விலை என்ன என்பதற்குச் சான்றுகள் உண்டு. பாட்வின் குழு நியூயார்க் மாநிலத்தின் 56 பள்ளிகளில் நடத்தி, 6 ஆண்டுகள் தொடர்ந்து, 1995-இல் வெளியிட்ட ஆய்வில், திட்டத்தின் 60 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதியைப் பெற்ற மாணவர்களிடம்தான் பலன் வலுவாக இருந்தது. ஜோசஃப் டர்லக், எமிலி டுப்ரே ஆகியோர் 500-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் எழுதியதிலும் இதே போக்கு தென்பட்டது. எந்தத் திட்டமும் களத்தில் 100 விழுக்காடு பிசகாமல் நடந்ததில்லை. 60 விழுக்காடு அளவுக்கு நடந்தாலே நல்ல பலன்கள் கிடைத்தன. ஆக, முழுமை தேவையில்லை. ஆனால் ஓர் அடிமட்ட அளவு உண்டு. அதற்குக் கீழே இறங்கினால் திட்டம் பெயரளவில் மட்டுமே இருக்கும்.

கும்ஃபர் தம்முடைய குடும்பத் திட்டத்தின் பல்வேறு பண்பாட்டு வடிவங்களை 2002-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது கிடைத்த முடிவை இத்துறையினர் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றிய வடிவங்களில் குடும்பங்கள் சேர்வதும் இறுதிவரை நீடிப்பதும் 40 விழுக்காடு வரை கூடின. ஆனால் பண்பாட்டுப் பகுதிகளுக்கு இடம் உண்டாக்குவதற்காக அமர்வுகளைக் குறைத்த அல்லது முக்கியப் பகுதிகளை நீக்கிய இடங்களில் இறுதிப் பலன் குன்றியது. மக்கள் வந்தார்கள், விரும்பினார்கள், ஆனால் பெற்றுச் சென்றது குறைவு. வருகைப் பதிவேட்டை மட்டும் பார்க்கும் நிர்வாகத்துக்கு இது வெற்றியாகத் தெரியும் என்பதே இதில் உள்ள ஆபத்து.

நடத்துகிறவர் மாறுவதும் பெரிய மாற்றமே. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தொடங்கி, சீருடைக் காவலர்களே வகுப்பெடுக்கும் ‘டேர்’ திட்டம் அமெரிக்கா முழுவதும் பரவியது. 1994-இல் வெளியான தொகுப்பாய்வு உள்படப் பல ஆய்வுகள் அது போதைப்பொருள் பயன்பாட்டைக் குறைக்கவில்லை அல்லது மிகச் சொற்பமாகவே குறைத்தது என்று காட்டிய பிறகு, 2009 முதல் அந்த அமைப்பு மேலே சொன்ன ‘கீப்பின் இட் ரியல்’ பாடத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. பலனற்றதைக் கைவிட்டுச் சான்றுள்ளதை எடுத்தது பாராட்டத்தக்கது. ஆயினும் மூல ஆய்வில் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் ஆசிரியர்கள். காவலர்கள் நடத்தும் வடிவத்துக்கும், இளைய வகுப்பினருக்காக மாற்றப்பட்ட வடிவத்துக்கும் அந்தச் சான்று அப்படியே செல்லுபடியாகுமா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பியது நியாயமே.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

இதை முடிவு செய்ய, போக்குவரத்து விளக்கின் மூன்று நிறங்களைக் கொண்ட ஒரு வகைப்பாடு களப்பணியாளர்களிடையே புழக்கத்தில் உள்ளது. எளிமையானது என்றாலும் பயனுள்ளது.

1. பச்சை: தயங்காமல் மாற்றலாம். மொழி, பெயர்கள், எடுத்துக்காட்டுகள், படங்கள், உள்ளூர்ப் புள்ளிவிவரங்கள், கூடும் இடம், கூடும் நேரம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

2. மஞ்சள்: உருவாக்கியவரையோ துறை அறிந்தவரையோ கலந்த பிறகே மாற்ற வேண்டும். அமர்வுகளின் வரிசை, செயல்பாடுகளை வேறு செயல்பாடுகளால் ஈடுசெய்தல், புதிய பாடம் சேர்த்தல், வேறு வயதினருக்கு நடத்துதல், நடத்துபவரின் தகுதியை மாற்றுதல்.

3. சிவப்பு: மாற்றக்கூடாது. அமர்வுகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் கணிசமாகக் குறைத்தல், பயிற்சியையும் ஒத்திகையையும் நீக்குதல், ஒரு கருக்கூறை முழுதாக விட்டுவிடுதல், திட்டத்தின் கொள்கைக்கு முரணான பகுதியைச் சேர்த்தல்.

கடைசியில் சொன்ன ‘முரணான பகுதி’ அதிகம் கவனிக்கப்படாதது. திறன் வளர்க்கும் பாடத்தின் இறுதியில் அச்சமூட்டும் கண்காட்சி ஒன்றைச் சேர்ப்பது கூடுதல் நன்மை என்று தோன்றலாம். ‘பெரும்பாலான இளைஞர்கள் போதையை நாடுவதில்லை’ என்று முதல் பத்து அமர்வுகளில் நிறுவிவிட்டு, பதினோராவதில் ‘இளைஞர் சமுதாயமே சீரழிகிறது’ என்று முழங்கினால், கட்டியதை நாமே இடிக்கிறோம். அபாயம் கூடிய இளைஞர்களை மட்டும் ஒரே அறையில் திரட்டுவதும் இத்தகையதே. தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட், ஃபிரான்சுவா புலான் ஆகியோர் 1999-இல் எழுதிய கட்டுரை, அப்படித் திரட்டப்பட்ட குழுக்களில் இளைஞர்கள் ஒருவருக்கொருவர் தவறான நடத்தையை ஊக்குவித்து, புகைப்பழக்கமும் பிற சிக்கல்களும் கூடியதை ஆவணப்படுத்தியது. ஆகவே, பொதுத் திட்டம் ஒன்றை ‘பிரச்சினைக்குரிய மாணவர்களுக்கு மட்டும்’ என்று சுருக்கும் நிர்வாக முடிவு, செலவைக் குறைக்கும் நோக்கில் எடுக்கப்பட்டாலும், தீங்காக முடியலாம்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

1. முதலில் உள்ளூரை அளக்க வேண்டும். எந்தப் பொருள், எந்த வயதில் தொடங்குகிறது, எங்கிருந்து கிடைக்கிறது, எந்த அபாயக் காரணிகள் இங்கே மேலோங்கியிருக்கின்றன என்று தெரியாமல் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது மருந்தை முதலில் வாங்கிவிட்டு நோயைத் தேடுவதற்கு ஒப்பாகும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹாக்கின்ஸ், ரிச்சர்ட் கட்டலானோ ஆகியோர் வகுத்த ‘கம்யூனிட்டீஸ் தட் கேர்’ முறை இந்த வரிசையையே அடிப்படையாகக் கொண்டது. ஊர்மக்கள் குழு மாணவர் கணக்கெடுப்பிலிருந்து தங்கள் ஊரின் முதன்மை அபாயங்களைக் கண்டறிந்து, அவற்றுக்குப் பொருந்தும் சோதிக்கப்பட்ட திட்டங்களைத் தேர்வு செய்கிறது. அமெரிக்காவின் 7 மாநிலங்களைச் சேர்ந்த 24 ஊர்களில் 2003 முதல் நடந்த குலுக்கல் முறைச் சோதனையில், இந்த முறையைப் பின்பற்றிய ஊர்களில் புகைப்பதையும் குடிப்பதையும் தொடங்கிய மாணவர்கள் குறைவாக இருந்தனர்.

2. கணக்கெடுப்பின் சொற்களையே சோதிக்க வேண்டும். மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் என்று நினைத்தால் எண்களே பொய்யாகிவிடும். ‘போதைப்பொருள்’ என்ற தமிழ்ச் சொல்லைக் கேட்கும் பலர் மதுவையோ புகையிலையையோ அதில் சேர்ப்பதில்லை. ‘நீங்கள் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா?’ என்ற கேள்விக்கு, வாரந்தோறும் குடிக்கும் ஒருவர் மனசாட்சிப்படியே ‘இல்லை’ என்று பதிலளிக்கக்கூடும். கேள்வித்தாளைச் சிலரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லச் செய்து, பிறகு திருத்துவதுதான் வழி.

3. கருக்கூறுகளின் பட்டியலை எழுத்தில் பெற வேண்டும். உருவாக்கியவர்களிடமே கேட்டுப் பெறுவது நல்லது. கிடைக்காவிடில், ஒவ்வொரு செயல்பாடும் எந்த இடைநிலை மாற்றத்தை உண்டாக்குவதற்காக இருக்கிறது என்று கையேட்டைப் பகுத்து எழுத வேண்டும். பயன் தெரியாத பகுதியை நீக்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பு.

4. யாருக்கான திட்டமோ அவர்களைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். திருத்தி முடித்த பிறகு ஒப்புதலுக்காக அழைப்பது பங்கேற்பு ஆகாது. குறிப்பாக இளையோரைச் சேர்க்க வேண்டும். போதைப்பொருள் எந்தச் சூழலில், எந்தச் சொற்களோடு நீட்டப்படுகிறது என்பதை அவர்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

5. செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், அதன் காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும். பலன் கிடைக்காதபோது, திட்டம் பிழையா, மாற்றம் பிழையா, நடத்திய விதம் பிழையா என்று பிரித்தறிய இந்தப் பதிவேட்டை விட்டால் வேறு வழியில்லை.

6. சிறு அளவில் நடத்தி, ஒப்பீட்டுக் குழுவோடு அளந்த பிறகே விரிவாக்க வேண்டும்.

ஐஸ்லாந்தின் அனுபவம் முதல் படிக்குத் தனி வலுச் சேர்க்கிறது. 1998-இல் அந்நாட்டின் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் வெறி ஏறக் குடித்திருந்தனர். 2016-இல் அது 5 விழுக்காடு. நாள்தோறும் புகைப்போர் 23 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தனர். இதைக் கண்டு, சிறார் இரவில் வெளியே நடமாடுவதற்கு அங்குள்ள நேரக் கட்டுப்பாட்டையும், விளையாட்டு மற்றும் கலை வகுப்புகளுக்கு ரெய்க்யாவிக் நகரம் தரும் உதவித்தொகையையும் அப்படியே நகலெடுக்க விரும்புவோர் உண்டு. அவை அந்தச் சிறிய நாட்டின் சட்டத்துக்கும் நிதிநிலைக்கும் பொருந்தியவை. அங்கே உண்மையில் பின்பற்றத்தக்கது, மாணவர்களிடம் அடிக்கடி கணக்கெடுத்து, முடிவுகளைச் சில வாரங்களிலேயே அந்தந்தப் பள்ளிக்கும் பகுதிக்கும் திருப்பித் தந்து, பெற்றோரும் பள்ளியும் அதை வைத்து முடிவெடுக்கச் செய்த ஒழுங்குதான் என்று நான் கருதுகிறேன்.

பலன் கிடைக்காதபோது அதை எப்படி வாசிப்பது?

ஆறாவது படியை நிதி தருகிறவர்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை. ஏற்கனவே நிரூபித்ததை மீண்டும் ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சுவீடனின் ஓரேப்ரோவில், பிள்ளைகள் குடிப்பதைக் கண்டிப்புடன் மறுக்கும்படி பெற்றோரை மட்டும் ஊக்குவித்த ஒரு திட்டம் பலன் தந்தது. நெதர்லாந்து அதைத் தழுவியபோது, பெற்றோருக்கு மட்டும், மாணவருக்கு மட்டும், இருவருக்கும் சேர்த்து என மூன்று வடிவங்களையும் ஒப்பிட்டுச் சோதித்தது. 2009-இல் வெளியான முடிவின்படி, இருவரையும் சேர்த்த வடிவம் மட்டுமே வேலை செய்தது. மூலத்தை அப்படியே எடுத்துப் பெற்றோர் கூட்டங்களை மட்டும் நாடெங்கும் நடத்தியிருந்தால், உழைப்பும் பணமும் வீணாகியிருக்கும்; வீணானது யாருக்கும் தெரியவும் வந்திருக்காது.

பலனில்லை என்ற முடிவு எப்போதும் தகவமைப்பின் தோல்வியைக் காட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்காக அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சுருக்கி அமைக்கப்பட்ட குடும்ப வலுவூட்டல் திட்டம், அங்கே பல ஆண்டுகள் நீடித்த பலனைத் தந்தது. கவனமாகத் தகவமைக்கப்பட்ட பிறகும் போலந்திலும் வேல்ஸிலும் நடந்த சோதனைகளில் அத்தகைய பலன் தென்படவில்லை. பொருத்தம் குறைந்திருக்கலாம், ஒப்பீட்டுப் பிரிவினருக்கே வேறு நல்ல சேவைகள் கிடைத்திருக்கலாம், மூல ஊரின் அபாயக் காரணிகள் புதிய இடத்தில் முதன்மையானவையாக இல்லாமலும் இருந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய முடியாமல் ‘தோல்வி’ என்று மட்டும் எழுதிவைத்தால் அடுத்த முயற்சிக்கு எதுவும் மிஞ்சாது.

பிரேசில் தன் முடிவை மறைக்கவில்லை என்பது போற்றத்தக்கது. மதுவைப் பற்றிய பாடப்பகுதிகள் மறு ஆய்வுக்கு உள்ளாகித் திருத்தப்பட்டு, 2019-இல் புதிய வடிவம் மீண்டும் ஒப்பீட்டுக் குழுக்களோடு சோதிக்கப்பட்டது. அந்த முதல் சோதனை நடந்திராவிட்டால், மதுவைத் தொடங்கவைக்கும் பாடம் நல்லெண்ணத்தோடும் அரசு முத்திரையோடும் ஆயிரக்கணக்கான வகுப்பறைகளுக்குச் சென்றிருக்கும்.

சில இடங்களில், பட்டியலில் சிவப்புக்கு உரிய மாற்றங்களே அதிகமாகிவிடும். அப்போது மூலத்தின் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றுவதைவிட, வேறு திட்டத்தைத் தேடுவதோ, அதே அறிவியல் அடிப்படையில் புதிதாக ஒன்றை எழுதுவதோ நேர்மையானது. ஹவாயில் அதைத்தான் செய்தார்கள். உறவினர் நீட்டும் போதைப்பொருளை மறுப்பதற்கான பாடத்தை, அந்த இளையோர் ஆய்வாளர்களிடம் விவரித்த சூழல்களிலிருந்தே எழுதி, காணொளிகளாக்கி, ‘ஹோஓயுனா போனோ’ என்று ஹவாய் மொழியிலேயே பெயரிட்டு, பள்ளிகளில் நடத்தி அளந்தார்கள். முதல் நேர்காணலிலிருந்து பாடம் வகுப்பறைக்குள் நுழைவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.